தேனிக் கடையில் அயிரை மீன் கிடையாது

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்பே வாய்க்குப் பழகியது என்பதால்தான் இன்னும் மாமா என்று எழுதுகிறேன். ஆசை என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன், அது பொய் இல்லை. நம் வீட்டில் இருந்த பொய் போதும், இந்தக் கடிதத்தில் வேறு எதற்கு?

முதலில் வீட்டுச் சேதி. மார்க்கையன்கோட்டையில் இந்த வருஷம் முதல் போகம் நன்றாக விளைந்தது. கீழ்வீட்டில் டி.வி. வாங்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. நம் மகன் பாண்டிக்கு மதுரையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மாதம் ஒருமுறை வருகிறான். ஒற்றை ஆளாக நான் அடுப்பில் கிடந்து வேகக் கூடாதாம், அதனால் வரும்போதெல்லாம் பை நிறையப் பாக்கெட் கொண்டுவருகிறான்.

உப்புமா பாக்கெட் ஒன்று. கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறினால் போதும். கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் உள்ளேயே வறுபட்டுக் கிடக்கிறது. அந்தக் கறிவேப்பிலையைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எந்த ஊர்ச் செடியோ, எப்போது பறித்ததோ. உப்புதான் ஒரு கை கூடுதல். பசித்த நேரத்துக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன்.

குலோப்ஜாமூன் மாவும் வந்தது. பாகில் போட்டதும் நாலு உருண்டை வாயைப் பிளந்துகொண்டது, மற்றது எல்லாம் உருப்படி. இரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும் என்று ஒரு சேமியா, நூடுல்ஸ் என்கிறான் பாண்டி. விறகடுப்புக்கு இரண்டு நிமிஷக் கணக்கெல்லாம் தெரியுமா? கூழாகிவிட்டது. பிறகு அவன் ஸ்டவ்வில் வைத்துக் காட்டினான். பார்க்கச் சுருட்டை முடி மாதிரி இருக்கிறது. அந்த மசாலா வாயில் ஒட்டிக்கொண்டு மறுநாள் காப்பி வரைக்கும் விடவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பாக்கெட்டின் முதுகில் உள்ளே என்னென்ன இருக்கிறது, யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்று எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். பாண்டி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புமாவுக்கு யாராவது அழுவார்களா என்று அவன் விழித்தான். ஏன் அழுதேன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு சேதி கேட்டால் கோபப்படுவீர்கள். நான் ஹோட்டலுக்குப் போகிறேன், தனியாக. "குடும்பப் பொம்பளைக்கு ஓட்டல்ல என்ன வேல? ஒனக்கு வேணுங்கிறத நான் வாங்கிட்டு வாரேன்" என்று இருபத்து மூன்று வருஷம் சொன்னீர்கள். இப்போது வாங்கிவர ஆள் இல்லை, நாக்கு மட்டும் இருக்கிறதே. தெருவில் பேசுகிறார்கள், பேசட்டும்.

முதலில் போனது சின்னமனூரில் ஒரு டிபன் கடைக்கு. பேமிலி ரூம் என்று எழுதி ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சும் இரண்டு மூட்டை வெங்காயமும். பரிமாறுகிறவர் தலையை நீட்டி, "கூட யாரும் வரலையாத்தா?" என்றார். "நான் வந்துருக்கேன்ல, போதாதா? ரெண்டு பூரி குடுங்க" என்றேன். பூரி நன்றாக உப்பியிருந்தது. கிழங்கில் சோம்பு போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும்.

அப்புறம் கம்பத்தில் மலையாளத்துக்காரர் கடையில் புட்டும் கடலையும், பால் விடாத கட்டன் சாயாவும். போடியில் நெய் ரோஸ்ட், பெயர்தான் நெய். எங்கள் அப்பா போடிக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றப் போகும்போதெல்லாம் பூரி தின்றுவிட்டு வந்து அதன் ருசியை ஒரு வாரம் பேசுவார். சாப்பாட்டு ஆசை எனக்கு அவரிடமிருந்து வந்தது. அவர் இருந்திருந்தால் இப்போது கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இப்படி ஒவ்வொரு ஊராகப் போனவள் கடைசியில் தேனிக்கு வந்தேன். நீங்கள் மண்டிக்குப் பூண்டு வாங்க வாராவாரம் வடுகபட்டிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் எனக்குக் குழம்பு வாங்கி வருவீர்களே, அந்தக் கடைக்கு. ஒன்பது வருஷம் தவறாமல் வாங்கினீர்கள். சந்தை நாள் காலையில் தூக்குவாளியைப் புளி போட்டு விளக்கி உங்கள் கையில் நான்தான் கொடுத்தனுப்பினேன். கோழி, எலும்புக் குழம்பு, மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்தால் அயிரை மீன். அந்த அயிரைக் குழம்பை நான் யாரிடம் புகழாமல் விட்டேன்?

போன மாதம் ஒரு மத்தியானம் அந்தக் கடையில் இலை போட்டு உட்கார்ந்து, அயிரை மீன் குழம்பு கொண்டுவரச் சொன்னேன். கல்லாவில் இருந்த முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். வயதான மனுஷர்.

"அயிரையா? இங்கன அயிரை போடுறதில்லத்தா. வெறா மீன் வறுவல் இருக்கு, தரச் சொல்லவா?"

"இன்னைக்கு இல்லையா, என்னைக்குமே இல்லையா?"

"என்னைக்குமே கெடையாது. அதைச் சட்டியில போட்டு ஒரசி, மண்ணு போக அலசி எடுக்க ஓட்டல்ல ஆளுக்கு எங்க போறது?"

"ஒம்பது வருசமா எங்க வீட்டுக்காரரு இங்கன வாங்கிட்டு வந்தாகளே" என்றேன். யார் என்று கேட்டார். பூண்டு மண்டி, உயரம், தோளில் பச்சைத் துண்டு என்று அடையாளம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தூக்குவாளியோட வருவாகளே, அவுகளா? தங்கமான மனுசன். இங்கன டீ மட்டுந்தேன் குடிப்பாக. தூக்குவாளிய பெஞ்சில வச்சு அதும் மேல ஒரு கைய வச்சுக்கிருவாக. ஒருக்கா நாந்தேன் கேட்டேன், என்ன இம்புட்டு வாசமா இருக்குன்னு. வடுகபட்டில எங்க அக்கா வச்ச கொழம்புன்னு சொன்னாக."

என் இலையில் சோறு விழுந்திருந்தது. கை வைக்காமல் எழுந்துவிட்டேன். வெளியே வந்து எந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் நின்றேன்.

மாமா, வெந்த மீனைப் பார்த்தே எந்தக் கண்மாய் என்று சொல்லுகிறவள் நான். அயிரையை அத்தனை சுத்தமாக எந்த ஹோட்டலும் அலசாது என்று எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை? நீங்கள் சொன்னீர்கள் என்பதால்தானே?

அந்த வீட்டுக் குழம்பு என் வாயில் பட்டால் என்ன என்று வேறு யாராவது நினைக்கலாம். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். உங்கள் அக்கா மகளுக்குச் சடங்கு. என் அப்பா தேவாரத்திலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு தார் வாழைப்பழமும் சேலையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, கூட்டும் வைத்தாயிற்று. அந்த நேரம் பெரியகுளத்திலிருந்து அக்கா வீட்டுக்காரரின் பெரிய சொந்தங்கள் காரில் வந்து இறங்கினார்கள்.

உங்கள் அக்கா அப்பாவிடம் குனிந்து, "மாமா, நீங்க நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில உக்காருங்க" என்றார். அப்பா அண்ணாந்து பார்த்தார். "அதுக்கென்னத்தா" என்று எழுந்தார். எதையும் தொடாத கையைக் குழாயடியில் போய்க் கழுவினார். அடுத்த பந்திக்கு அவர் இல்லை. நான் தேடிக்கொண்டு போனபோது பஸ் ஸ்டாண்டில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டை அத்தனை கொண்டாடிய மனுஷர்.

அன்றைக்கு பஸ்ஸில் வைத்து உங்களிடம் சொன்னேன். "உங்கக்கா வீட்டுக்கு நீங்க போங்க, வாங்க, தின்னுங்க. நான் தடுக்க மாட்டேன். நான் அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன். அந்த வீட்டுப் பருக்கை ஒண்ணு நம்ம வாசப்படி தாண்டக் கூடாது." நீங்கள் சரி என்றீர்கள். "ஒன் கோவம் ஞாயந்தேன் புள்ள" என்றும் சொன்னீர்கள். இரண்டு வருஷத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். உங்கள் அக்கா அவரிடம் ஒரு சொல் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் போனபிறகு அவருக்காக நான் வைத்துக்கொள்ள மிஞ்சியது அந்த ஒன்றுதான். நகையா, நிலமா? அவரை எழுப்பிவிட்ட வீட்டில் மகள் சாப்பிடுவதில்லை என்பது மட்டும்தான். அதையும் நீங்கள் தூக்குவாளியில் கரைத்து எனக்கே ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். உப்புமா பாக்கெட்டில்கூட யார் செய்தது என்று போட்டிருக்கிறது, உங்கள் தூக்குவாளியில் இல்லை.

நான் தின்றதைக்கூட விடுங்கள். ஐப்பசியில் அப்பாவுக்குப் படையல் போடுவோமே, அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. அயிரை மீன் என்றால் அப்பாவுக்கு உயிர். தேனிக் கடைக் குழம்பு இத்தனை ருசியாக இருக்கிறதே, அப்பாவும் சாப்பிடட்டும் என்று ஒரு வருஷம் இலையில் வைத்தேன். அதற்கப்புறம் ஆறு வருஷம் விடாமல் வைத்தேன்.

முதல் வருஷம் நீங்கள் தடுத்தீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். "கடைச் சாப்பாட்டப் போயி படைப்பாகளா?" என்றீர்கள். "எங்கப்பா கடைச் சாப்பாட்டுக்கு ஆசப்பட்டவரு, நீங்க சும்மா இருங்க" என்று சொல்லி நான் கரண்டியால் மொண்டு ஊற்றினேன். நீங்கள் பக்கத்தில் கை கட்டி நின்றீர்கள். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே. நான் கத்தியிருப்பேன், தூக்குவாளியைத் தெருவில் எறிந்திருப்பேன், ஒரு மாதம் உங்களோடு பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே? அதற்குப் பயந்தா என் அப்பாவை அந்தச் சாப்பாட்டுக்கு மறுபடி உட்கார வைத்தீர்கள்?

தேனியில் இருந்து நான் வீட்டுக்கு வரவில்லை. வடுகபட்டி பஸ்ஸில் ஏறினேன். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெரு. உங்கள் சாவுக்கு அவர்கள் வந்தபோதுகூட முகம் பார்த்துப் பேசாதவள், வாசலில் போய் நின்றேன். உங்கள் அக்கா முற்றத்தில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது போல. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"யாரு? தம்பி பொஞ்சாதியா? உள்ள வாத்தா, ஏன் அங்கனயே நிக்கிற?"

"வரலை மதினி. ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். எனக்குக் கொழம்பு குடுத்துவிட்டது நீங்கதானா?"

மறுக்கவில்லை. அந்த மட்டும் சரி. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்.

"நாந்தேன். மொத நாளு அவனுக்குனு குடுத்ததை ஒனக்குக் கொண்டுவந்துட்டான். நீ நல்லாருக்குன்னு சொன்னயாம். எந்தக் கடைன்னு கேட்டயாம், வாயில வந்ததச் சொல்லிட்டான். அப்பறம் வாராவாரம் தூக்குவாளியோட வந்து நின்னான். நானும் வச்சுக் குடுத்தேன்."

"எனக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா தின்னுருப்பயா?"

அவரே மேலே பேசினார். "ஒங்கப்பாருக்கு நீ படைச்சன்னு தம்பி ஒரு நாளு சொன்னான். அவரை எந்திரிக்கச் சொன்னது அன்னையிலருந்து எனக்கு நெஞ்சுல கல்லாக் கெடந்துச்சு. எப்பிடியோ நம்ம கைச்சோறு அவரு எலைக்குப் போயிருச்சுன்னு கேட்டப்பதேன் அந்தக் கல்லு எறங்குச்சு."

"ஒங்க கல்ல எறக்கி எங்கப்பா எலையிலயா வச்சீக மதினி?" என்றேன்.

அவர் அழுதார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். வருவதற்குள் நான் திரும்பிவிட்டேன். கோபத்தில் திரும்பினேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். சொம்பை நீட்டினால் வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதுதான் நிஜம்.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். உங்கள் அக்கா என்னிடம் வந்து நின்று, அன்றைக்குச் செய்தது தப்பு என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மன்னித்திருப்பேனா? தெரியவில்லை. மாட்டேன் என்று கதவைச் சாத்தியிருக்கலாம். இல்லை, அழுது கட்டிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் அது நான் சொல்ல வேண்டியது. என்னைக் கேட்காமலே, என் வாயாலேயே நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லவைத்து, அக்காவும் தம்பியுமாக மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அது எனக்குத் தெரிவதால்தான் ஆறவில்லை. அக்காவும் வேண்டும், நானும் வேண்டும், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. எனக்கு ருசியாக ஏதாவது கொடுத்துவிட்டால் என் முகம் மலர்ந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். என் ஆசையைத் தெரிந்தவர், அதை வைத்தே என்னை ஏமாற்றலாமா? வாராவாரம் நான் விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தீர்களே, ஒரு நாளாவது உங்களுக்குச் சோறு இறங்காமல் போனதா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இப்போது கண்மாய்கள் நிறைந்திருக்கின்றன. நேற்று தெருவில் அயிரை வந்தது, வாங்கி நானே வைத்தேன். முழுப் பூண்டு போட்டு, புளியை அளவாகக் கரைத்து, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அந்த ருசி வரவில்லை. என் நாக்கு அந்த வீட்டுக் குழம்பைத்தான் கேட்கிறது. எனக்கு எத்தனை அவமானமாக இருக்கிறது தெரியுமா மாமா?

வருகிற வாரம் அப்பாவுக்குப் படையல். இந்த வருஷம் இரண்டு இலை போடப்போகிறேன், அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் அல்ல, எதிரெதிராக. இரண்டிலும் நான் வைத்த குழம்புதான் இருக்கும், ருசி குறைந்தாலும் அதுதான். உங்கள் இலையில் ஒன்றும் குறைக்க மாட்டேன், அப்பளம்கூட இரண்டு வைப்பேன்.

இலை போட்டதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வேன். ஏழு வருஷம் அவர் யார் கைச்சோற்றைச் சாப்பிட்டார் என்று சொல்வேன். கேட்டுவிட்டு இலையை விட்டு எழுந்தாலும் எழுந்துகொள்ளட்டும். இந்தத் தடவை யாரும் எழுப்பி அவர் எழ வேண்டாம், உட்கார்வதும் எழுவதும் அவர் இஷ்டம். அதுவரைக்கும் நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்லுங்கள், கேட்க வேண்டியதையும் அவரிடமே கேளுங்கள். நான் நடுவில் வந்து உங்களுக்காகப் பேச மாட்டேன், இது சத்தியம். அவர் சாப்பிட்டால் நானும் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
தேவாரம் முத்தையாவின் மகள்,
அதற்குப் பிறகுதான் உங்கள் மனைவி.